கிழக்கில்

திருவொற்றியூர் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் மோர்க்காரருக்கும் நடுவில்
கவுஸ் பாயின் மேசை. நான் அவருக்குத் தட்டச்சு.
பதினோரு வருடமாகப்
பிறர் வீட்டு நான்கெல்லையை அடித்துக்கொடுத்து
வாடகை கட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. முப்பத்தேழாம் டோக்கன்.
பாகப்பிரிவினை.
அண்ணன் தேசப்பன், தங்கை நாகவல்லி.
அப்பா விட்டுப்போனது
கிழமேல் நாற்பதடி, தென்வடல் பதினாறடி,
ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அடிபம்பு, ஒரு கக்கூஸ்.

தாய்ப்பத்திரம் அறுபத்தொன்றில் எழுதியது.
மடிப்பெல்லாம் கிழிந்து
செல்லோடேப்பும் மஞ்சளாகியிருந்தது.
கிழக்கில்: எல்லப்பன் மனை.
அதற்கும் கிழக்கில் வலை காயப்போடும் மணல்.
அதற்கும் கிழக்கில் சமுத்திரம்.

"எல்லப்பன் மனை இப்ப யார் பேர்ல?" என்றேன்.
"கடல் பேர்ல" என்றாள் நாகவல்லி.
"மணலும் அது பேர்லதான்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கடலுக்குப் பட்டா கிடையாதும்மா.
பழையபடியே போடு."
போட்டேன்.
செத்துப்போன எல்லப்பனுக்கு
ஒரு மனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அ அட்டவணை: மேல்புறம் இருபதடி, தேசப்பனுக்கு.
ஆ அட்டவணை: கீழ்புறம் இருபதடி, நாகவல்லிக்கு.
ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்,
கேட்டு வாங்கியது அவள்தான்.
"கெயக்கால காத்து வரும்.
போறவரிக்கும் வரட்டும்."

அவரவர் பங்கைப்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சூரிய சந்திரர் உள்ளவரை
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
இந்த வரியை நான் அடிப்பதே இல்லை.
கம்ப்யூட்டரில் முன்பே கிடக்கிறது.

அச்சான தாளைத் தேசப்பன் வாங்கி
விரல் வைத்து எழுத்துக்கூட்டினார்.
மேற்கில் தெரு.
வடக்கில் முனிரத்தினம் வீடு.
தெற்கில் சந்து.
கிழக்கில் நாகவல்லி.
விரல் அங்கேயே நின்றது.

முப்பத்தைந்து கூப்பிட்டார்கள்.
முப்பத்தாறு.

"மாத்தணும்" என்றார்.
"இன்னாத்த?"
"குறுக்கால வேணாம். நெடுக்கால பிரி.
ரெண்டு பேருக்கும் எட்டெட்டு அடி."

எட்டடி அகலம், நாற்பதடி நீளம்.
ரயில் பெட்டியில்தான் குடும்பம் நடத்தவேண்டும்.
பாய் சொல்லிப் பார்த்தார்,
முத்திரைத்தாள் வீண், டோக்கன் வீண்.
"உனக்கு இன்னா கிறுக்கா?" என்றாள் தங்கை.
அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாசமா, இல்லை
கரையோரத்துக்கு என்றாவது நஷ்டஈடு வந்தால்
தனக்கும் ஒரு பங்கு என்ற கணக்கா,
எனக்குத் தெரியாது.
பத்திரத்தில் காரணம் எழுத இடமில்லை.
ஏகமனதாக என்றுதான் இருக்கும்.

ஏகமனதாக அரைமணி நேரம் சண்டை.
கக்கூஸ் யார் பக்கம், பம்பு யார் பக்கம்.
கடைசியில் கக்கூஸ் அண்ணனுக்கு, பம்பு தங்கைக்கு,
தண்ணீருக்கும் மற்றதற்கும்
ஒருவர் பாகத்தில் ஒருவர் நடந்துபோகலாம் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
என் தயிர்சாதம் பையிலேயே புளித்தது.

அவருக்குத் தெற்கில் அவள்.
அவளுக்கு வடக்கில் அவர்.
கிழக்கு வந்தபோது பாயைப் பார்த்தேன்.
அவர் மும்முரமாக
மோர்க்காரரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.
இரண்டு அட்டவணையிலும் அடித்தேன்:
கிழக்கில் கடல்.

ஐம்பத்திரண்டாம் டோக்கன்.
சார்பதிவாளர் எச்சில் தொட்டுப் புரட்டினார்.
கட்டடம் உண்டா. வில்லங்கம் உண்டா.
இருவருக்கும் சம்மதமா.
பிறகு நிமிர்ந்தார்.
"கடலா? எத்தனை அடியில?"

அண்ணனும் தங்கையும்
முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள்.
"காலைல" என்றாள் நாகவல்லி,
"பதினோரு அடி சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினார்.
"நேரா பாருங்க" என்றார்.